புல் முளைக்காத பக்கம்

வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய மரத்தடியில் லாரி டிரைவர் மூன்று முறை புல் பதித்துப் பார்த்தார். மூன்று முறையும் ஒரே மாதத்தில் மஞ்சளாகிக் காய்ந்தது. நான்காவது முறை புல் வாங்கப் போகவில்லை. மரம் வெட்டுகிறவரிடம் பேசிவிட்டு வந்தார்.

தையல் மெஷினில் இருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடை முழுக்க அவள் உட்கார்ந்து தைப்பது அந்த நிழல் விழும் ஜன்னலோரம்தான்.

“மரத்த வெட்டிட்டா நான் எங்க உக்காந்து தைக்கிறது? உங்க லாரிக்குள்ளயா?”

“நிழல்ல எதுவும் வளரலையே. மழை பெஞ்சா வீடெல்லாம் சேறு.”

“புல்லுதான் வளரல. ஒரு வருஷம் பொறுங்க, வேற ஏதாவது வெச்சுப் பாக்கலாம்.”

நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் நாத்தனார், நிழலில் படரும் கொடிகளும் பெரணியும் கொண்டுவந்து சாண் இடைவெளியில் நட்டுக் கொடுத்தாள்.

“வருஷா வருஷம் நட வேண்டாம் அண்ணி. இது மூடுற வரைக்கும் களை மட்டும் புடுங்குங்க. மத்தபடி மறந்துடுங்க.”

மறக்கத்தான் அவளால் முடியவில்லை. இரண்டு வேளையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பாதிக் கொடி அழுகிப்போனது.

“செடிக்கு நீச்சல் கத்துக்குடுக்கிறியா?” என்றார் டிரைவர். அவள் நாத்தனாரை வரச்சொன்னாள்.

நாத்தனார் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். “விரல்ல ஈரம் ஒட்டுச்சுன்னா ஊத்தாதீங்க அண்ணி. பாசத்தக் கொஞ்சம் கொறைச்சுக்குங்க.”

அழுகியதைப் பிடுங்கிவிட்டு, மிச்சத்தைப் பிரித்து நட்டார்கள். பிறகு பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்தன. தலை நிமிர நேரமில்லை. வாரம் ஒருநாள் களை எடுத்ததோடு சரி. கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துவிட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது, மரத்து வேர்களுக்கு நடுவில் மண் தெரியவில்லை, அத்தனையும் பச்சை.

அடுத்த பெருமழையில் பின்வாசற்படிக்குச் சேறு வரவில்லை. டிரைவர் படியைப் பார்த்தார், மரத்தடியைப் பார்த்தார். மறுவாரம் தைக்கக் கொடுத்த திரைச்சீலையை வாங்க வந்த மரம் வெட்டுகிறவரின் மனைவிதான் சொன்னாள்: “வெட்ட வேணாம்னு உங்க வீட்டுக்காரர் போன் பண்ணிட்டாராமே?”

டிரைவர் லாரி எடுக்கும் நாள் காலையில், அவர் மரத்தடியில் குந்தி எதையோ தோண்டுவதை மனைவி பார்த்தாள். கையில் சமையல் கரண்டி.

“என்ன பண்றீங்க?”

“லாரி ஷெட்டுக்குப் பின்னாடி வெயிலே படாத எடம் ஒண்ணு சும்மா கெடக்கு. அதான்...”

“கரண்டிய உள்ள வைங்க மொதல்ல,” என்று சிரித்தவள், மண்வெட்டி எடுத்துவந்து வேரோடு நான்கு கொத்து பெயர்த்து, ஈரத்துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.