பன்னிரண்டாவது பத்தி

போர் போடுகிற ரிக் வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது நான் கொல்லையில் மயில் விரட்டிக்கொண்டிருந்தேன். விராலிமலைப் பக்கம் மயிலைக் கும்பிடுகிறார்கள். கும்பிடுகிறவர்கள் யாரும் வீட்டில் கத்தரி போட்டிருக்க மாட்டார்கள். துடைப்பத்தோடு வாசலுக்கு ஓடிவந்து பார்த்தால், தெருவையே அடைத்துக்கொண்டு அந்த இரும்புப் பூதம் நிற்கிறது. பின்னால் கம்பிகள் ஏற்றிய இன்னொரு லாரி. இரண்டுக்கும் முன்னால், மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிறவன் போல, என் சித்தப்பா மகன் ராக்கன்.

"ஒனக்குத்தான்க்கா மொதல்ல. ஏ நெலத்துலதான் எறக்கிருப்பாங்ய. நாந்தான் எங்க அக்கா வீட்டுல முடிச்சிட்டு வருவோம்னு இங்கிட்டு ஓட்டியாந்தேன்."

"யாரக் கேட்டு ஓட்டியாந்த?"

"சுடருதான் போன் பண்ணுச்சு. அம்மாகிட்ட கேட்டா ஆறு மாசம் யோசிக்கும், நீங்க போட்டுருங்க மாமான்னுச்சு."

சுடர்விழி என் ஒரே மகள். பெங்களூரில் இருக்கிறாள். அவளும் மாப்பிள்ளை பிரசாந்தும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கு அங்கே இருந்தாலும் ஒன்றுதான், அன்னவாசலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, நான் டெல்லிக் குடியிருப்பைக் காலி செய்துகொண்டு ஊருக்கு வந்து, இந்தப் பெரிய வீட்டில் ஒற்றை ஆளாக மிக்ஸியோடு பேச ஆரம்பித்த பிறகு, அவளாகத்தான் சொன்னாள்: "நாங்க வந்துர்றோம்மா. பாப்பாவ அங்கயே ஸ்கூல்ல சேத்துக்கலாம். ஆனா வீட்டுல தண்ணி இருக்கணும்." அதைக் கேட்ட அன்றைக்கே அன்னவாசல் கடைத்தெருவுக்குப் போய்ப் பேத்திக்கென்று ஒரு குட்டி வாளியும் மக்கும் வாங்கி வந்துவிட்டேன். வாளி வாங்கத் தெரிந்த எனக்கு அதில் ஊற்றத் தண்ணீர் கொண்டுவர வழி தெரியவில்லை. வீட்டுக் கிணறு வற்றி எத்தனையோ வருஷமாகிறது. தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் வந்ததுதான்.

ஆழ்துளைக் கிணறு போட்டால் தீர்ந்தது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் தீர்த்துக்கொண்டார்கள். எனக்குத்தான் ஒரு இடைஞ்சல்.

நான் மத்திய அரசில் நீர்வளத்தில் வேலை பார்த்தவள். இங்கிருந்து பொறியியல் படிக்கப் போய், பரீட்சை எழுதி டெல்லியில் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேதான். நாடு முழுவதும் நிலத்தடி நீரை எப்படிக் கையாள வேண்டுமென்று ஒரு கொள்கை எழுதினார்களே, அதன் வரைவில் பன்னிரண்டாவது பத்தி என்னுடையது. மழை கொடுப்பதைவிட அதிகமாக உறிஞ்சிவிட்ட வட்டாரங்களில், பொதுக் குழாயும் கைப்பம்பும் உள்ள ஊரில், தனி வீட்டுக்கென்று புதிதாகத் துளை போடக் கூடாது. அவ்வளவுதான். இதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சமா நஞ்சமா! அமைச்சர்கள் மாறினார்கள், செயலாளர்கள் மாறினார்கள், அந்தப் பத்தியை மட்டும் நான் மாற்ற விடவில்லை. கடைசியில் அச்சாகி வந்தது. எங்கள் பேரெல்லாம் அதில் வராது, குழு என்றுதான் வரும். மாநிலங்களுக்கு அனுப்பினோம். எல்லா மாநிலமும் நன்றி தெரிவித்தன. ஒரு மாநிலமும் அந்தப் பத்தியைச் சட்டமாக்கவில்லை. நூற்றுச் சொச்சம் கோடிப் பேர் இருக்கும் நாட்டில் பன்னிரண்டாவது பத்திக்குக் கட்டுப்பட்ட ஒரே பிரஜை நான்தான்.

"நீயே எழுதுனதுதானக்கா? நீயே அடிச்சு விட்ரு" என்று ராக்கன் முன்பே ஒருமுறை வழி சொல்லியிருக்கிறான்.

இப்போது வண்டிக்காரர்கள் வேப்பமரத்தடியில் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள். இந்த வண்டிகள் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வருகிறவை. ஒரு ஊருக்கு வந்தால் வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே நடையில் போட்டுக்கொள்ள வேண்டும். போய்விட்டால் மறுபடி எப்போது இந்தப் பக்கம் தலைகாட்டும் என்று சொல்ல முடியாது. நீரோட்டம் பார்க்கிறவரையும் ராக்கன் நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் கூட்டிவந்து, உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். கோழி கீறிய அடையாளமென்று நினைத்து அதன் மேல்தான் இரண்டு நாளாகத் துணி காயப்போட்டிருக்கிறேன்.

சுடரே போனில் கூப்பிட்டாள்.

"வண்டி வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சு. நான் வேணாங்கிறேன்."

"அது சட்டமா?"

"இல்ல."

"யாராச்சும் புடிப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அப்பறம்?"

நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் அரை நாள் நின்று பதில் சொன்னவள் நான். அந்த 'அப்பறம்' முன்னால் திக்கினேன். "இங்க பூராவும் பாறைடி. பாறையில ஒரு வெடிப்பு ஓடுது. கீழத்தெரு கைப்பம்பு நிக்கிறதும் அதே வெடிப்புலதான். நம்ம வீட்டுல மோட்டார் ஓடுனா அங்க காத்துதான் வரும்."

"ஒனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமா யாருக்கும் தெரியாது. தெரியாததத் தொடக் கூடாதுங்கிறேன்."

"அம்மா, இன்னைக்கு டீசி வாங்க ஸ்கூலுக்குப் போறதா இருக்கேன். போகவா, வேணாமா?"

"வந்துருங்கடி. லாரித் தண்ணி வாங்கிச் சமாளிப்போம்."

"போன மே மாசம் லாரித் தண்ணில குளிச்சு பாப்பாவுக்கு ஒடம்பெல்லாம் தடிச்சு, ராத்திரியோட ராத்திரியா திருச்சிக்கு ஓடுனோமே, மறந்துருச்சா?" மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள். "எப்பவும் ஒனக்கு ஒரு மீட்டிங் இருக்கும்மா. இப்ப நீ மட்டும் ஒக்காந்து மீட்டிங் போடுற."

பின்னால் குழந்தையின் குரல் கேட்டது: "அம்மாச்சி வீட்டுல மயிலு இன்னும் இருக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் காத்தாயி குடத்தோடு உள்ளே வந்தாள். கீழத்தெருக்காரி. ஐந்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு, இன்றும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாள். குழாய்த் தண்ணீர் கரிக்கிறது என்று நான் ஒருநாள் முகம் சுளித்ததிலிருந்து, நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல், கைப்பம்புத் தண்ணீரைக் குடிக்கவென்று தினமும் கொண்டுவந்து வைக்கிறவள். போனை நான் கீழே பிடித்திருந்த விதத்திலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"போடு பெரகதி. எங்களுக்கும் ஒரு கொழாய வெளிய நீட்டிவிடு, நாங்களும் புடிச்சுக்குறோம். புள்ளைய வரச்சொல்லு. பேய் மாரி ஒத்தையில கெடக்குற."

யாருக்காக மாட்டேன் என்கிறேனோ அவளே போடு என்கிறாள். பேத்தியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்க எனக்கு மட்டும் ஆசையில்லையா? அழுதிருக்கலாம். எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. வண்டிக்காரரைப் பார்த்து, "திருப்புங்கப்பா வண்டிய!" என்று கத்தினேன். போனை எடுத்துக் காதில் வைத்தபோது சுடர் இருந்தாள். கத்தியது அவளுக்கும் கேட்டிருந்தது.

"சரிம்மா" என்றாள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நீயும் போடாதடா" என்றேன் ராக்கனிடம்.

"நெலத்துல கடல காஞ்சா ஒம் பத்தி வந்து எனக்குச் சோறு போடுமா? நீ டெல்லிலயே இருந்திருக்கலாம்க்கா." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் நிலம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம். வெடிப்பு அங்கிட்டுப் போகாது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அதனால் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் முழுக்க ராக்கன் நிலத்தில் பாறையைக் குடையும் சத்தம். துணியிலெல்லாம் வெள்ளைக் கல்மாவு. சாயங்காலம் ஹோவென்று ஒரு கூச்சல் எழுந்தது. தெருவில் இருந்த அத்தனை பேரும் நிலத்துக்கு ஓடினார்கள். நான் மாடியில் ஏறி நின்று பார்த்தேன். தண்ணீர் பனைமர உயரம் பீய்ச்சி அடித்தது. ராக்கன் சட்டையோடு அதற்குக் கீழே நின்றுகொண்டு கையைக் கையை ஆட்டினான். என்னைத்தான் கூப்பிடுகிறானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டிருக்கிறான்.

மறுநாள் சுடரிடமிருந்து செய்தி வந்தது. பாப்பாவுக்கு அங்கேயே பீஸ் கட்டியாகிவிட்டதாம். ஒடம்பப் பாத்துக்கம்மா என்று எழுதியிருந்தாள். நான் கட்டைவிரல் படத்தை அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவதென்று தெரியவில்லை. அப்புறம் கூப்பிட்டபோதெல்லாம் அவள் நன்றாகத்தான் பேசினாள், கடையில் பில் போடுகிறவர்கள் நன்றாகப் பேசுவார்களே அது மாதிரி. வருவதைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நான் செய்தது சரிதான் என்று குளிக்கும்போதும் சமைக்கும்போதும் எனக்கு நானே குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட மேலே ஒரு ஆளில்லை.

சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் காத்தாயி வரவு நின்றது. உடம்புக்கு முடியவில்லையோ என்று நானே குடத்தை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனேன். கைப்பம்பைச் சுற்றி ஒரே பெண்கள் கூட்டம். அவளும் வரிசையில் நின்றாள்.

"ரெண்டு நாளா மக்கர் பண்ணுது பெரகதி. வாசரு போயிருக்கும். ஆள வரச்சொல்லிருக்கு. நீதான் தண்ணி ஆபீசராச்சே, வந்து பாரேன்."

எல்லோரும் சிரித்து வழி விட்டார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினேன். கனமே இல்லை. இறங்கிய பிடி, குழந்தையின் கையைப் பிடித்துத் தூக்கிய மாதிரி லேசாக மேலே வந்தது. வாசர் போனால் இப்படி இருக்காது, அடியில் கொஞ்சமாவது இழுக்கும். குழாயின் வாயில் காதை வைத்தேன். கீழேயிருந்து காற்று மட்டும் ஏறி இறங்கியது. வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ராக்கனின் மோட்டார் ஓடுகிற சத்தம் இங்கே வரை தெளிவாகக் கேட்டது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது போலிருந்தது.

திரும்பினால் சொல்ல வேண்டும். யாரிடம், எதை, எங்கிருந்து ஆரம்பிக்க? மறுபடி அழுத்தினேன். இன்னும் வேகமாக, இரண்டு கையாலும்.

"அப்படித்தான், நல்லா அடி. வந்துரும்" என்றாள் காத்தாயி.

"வந்துரும்" என்றேன்.

எனக்குப் பின்னால் குடங்களைத் தரையில் தேய்த்துக்கொண்டு வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.