சுவரைப் பார்த்த லேபிள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவன் யூசுப், சரக்குக் கப்பலில் இயந்திர அறைப் பணியாள்.

"பேர மாத்தி ஒரு கதையாட்டு எழுதிருங்க ஸாரே. பத்திரிகையில வரட்டு. ஆளுக அறியணும். நான் சொன்னதுன்னு மட்டும் அறியப்பிடாது."

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். கரமனையில் குடியிருக்கிறேன். நீதிக்கதை எழுதுகிறவன் என்று சிலருக்குத் தெரியும். சரி என்றேன். அந்தச் சம்மதத்துக்காக என்மீதே எனக்குக் கோபம்.

2

முதல் தொடக்கம்: ஒரு காட்டில் சில குரங்குகள் குகையொன்றில் வேலை செய்துவந்தன. புகை சூழ்ந்தால் தப்பிக்க, காற்று அடைத்த இரண்டு சுரைக்குடுக்கைகள்…

(நிறுத்திவிட்டேன். குரங்கு செத்தால் வாசகர் நீதியைத் தேடுவார், செய்தவரைத் தேடமாட்டார்.)

3

நடந்தது இதுதான். அந்தக் கப்பலின் இயந்திர அறையில் இரண்டு ஆரஞ்சு நிறப் பெட்டிகள் தொங்கும். உள்ளே, தலையில் கவிழ்த்துக் கழுத்துவரை இழுத்துவிடும் உறையும் ஒரு சிறு சிலிண்டரும். புகையிலிருந்து மேல்தளம் சேர்வதற்குப் பதினைந்து நிமிடக் காற்று. முத்திரையிட்டவை என்பதால் அவற்றை யாரும் திறப்பதில்லை. பயிற்சிக்கென்று தனியே ஒரு 'டிரில்' பெட்டி உண்டு. பார்வைக்கு அதே பெட்டி. காற்று மட்டும் இராது. 'பயிற்சிக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டியிருக்கும்.

ஒரு துறைமுகத்தில் ஆய்வாளர் வரவிருந்த காலை, இரண்டில் ஒன்றின் காற்றளவு காட்டும் முள் சிவப்பில் கிடந்தது. முதன்மை அதிகாரி யூசுபை அழைத்தார்.

"அந்த டிரில் பெட்டிய மாட்டு. லேபிள் சுவர்ப்பக்கம் இருக்கட்டு. இன்ஸ்பெக்ஷன் கழிஞ்சா எடுத்திரலாம்."

யூசுப் மாட்டினான். ஆய்வாளர் வாசலில் நின்று பெட்டிகளை எண்ணினார், இரண்டு இருந்தன, கையெழுத்திட்டார்.* கப்பல் கிளம்பியது. எடு என்று யாரும் சொல்லவில்லை. யூசுபும் மறந்துபோனான்.

பதினோராம் நாள் எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. இயந்திரங்களுக்கு எண்ணெயிடும் ஆயிலர் லிங்கம் கைக்கு எட்டிய பெட்டியைத் திறந்து உறையைத் தலையில் கவிழ்த்தான். அது அந்தப் பெட்டி.

[இங்கே அவனுடைய கடைசி மூச்சுகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அழகாக வந்திருந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன்.]

*கையை நீட்டித் திருப்பிப் பார்க்க எத்தனை நொடி ஆகும்? நாற்பதாண்டு மாணவர் நோட்டுகளைத் திருத்தியவன் கேட்கிறேன். திறக்காத நோட்டுக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை.

4

லிங்கத்தின் தாய் கோமதியம்மாள் தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கிள்ளிப்பாலத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் துலக்குகிறார். திங்கட்கிழமை கம்பெனியின் ஆங்கில அறிக்கையோடு என்னிடம் வந்தார். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆள் வருவானாம். அறிக்கையை ஏற்பதாக அவர் கையெழுத்திட வேண்டுமாம்.

அறிக்கை சொன்னது: உறையை அணியும் முறையை லிங்கம் அறிந்திருக்கவில்லை; பதற்றத்தில் தானே கழற்றிவிட்டார்.

கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. "விபத்துன்னு போட்டிருக்காங்க, அம்மா" என்றேன்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பாஸ்போர்ட்டில் பார்த்துப் பார்த்து மகன் பெயரின் உருவம் தெரியும். விரல் வைத்து எண்ணினார்.

"ஏழு எடத்துல எம்மவன் பேரு கெடக்கு. விபத்துக்கு எதுக்கு ஸாரே இத்தன தடவ அவன் பேரு?"

இம்முறை உள்ளபடி வாசித்தேன்.

"அவனுக்கா மாட்டத் தெரியாது? லீவுக்கு வந்தப்ப அரிசிப் பையத் தலையில கவுத்துக் காட்டுனான். பன்னெண்டு எண்ணுறதுக்குள்ள மாட்டிருவேன், எண்ணும்மான்னான். நான் பத்துதான் எண்ணுனேன்." அறிக்கையை என் பக்கம் தள்ளிவிட்டு, "இதுல நான் ஒப்பு போட்டா, எம்மவன் ஒண்ணும் தெரியாத பொட்டன்னு நானே சொன்னதால்லா ஆவும்" என்றார்.

5

மறுநாள் மாலை யூசுப் வந்தான். பெட்டியைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கதை கேட்டான். கோமதியம்மாளிடம் நேரில் சொல் என்றேன்.

"சொன்னா பின்னெ ஒரு கப்பல்லயும் என்னெ கேற்றமாட்டாங்க ஸாரே."

"லிங்கத்தையும்தான் இனி ஏத்தப்போறதில்ல."

என்னையே பார்த்தான். "ஸாரு நல்ல மனுஷன்னு கேட்டுல்லா வந்தேன்."

அந்த நல்ல மனிதனை வைத்துத்தான் திங்கட்கிழமை ஒரு தாயிடம் பொய் சொன்னேன். இதை அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

6

பெயரை மாற்றத்தான் செய்தேன். முதல் பிரதியில் அவன் நாசர். அதிகாரிக்குப் பெயரே வைக்கவில்லை. பிறகு அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். செத்தவன் பெயர் ஏழு முறை. லேபிளைத் திருப்பச் சொன்னவர் பெயர் ஒரு முறைகூட இல்லை. பெயரை மறைக்கும் வேலையை அறிக்கையே முடித்துவிட்டபின் கதை எதற்கு? ஆகவே யூசுப் யூசுபேதான். அதிகாரியின் பெயர் ஹரிஷங்கர். ஹரிஷங்கர். இன்னும் ஐந்து முறை எழுதினால்தான் கணக்குச் சரியாகும்.

7

ஒரு முடிவு: யூசுப் வந்து சொல்கிறான், கோமதியம்மாள் அவனை மன்னிக்…

(அவர் சார்பில் மன்னிக்க நான் யார்?)

மற்றொரு முடிவு: அவர் பேனாவை வாங்கி…

(இதை எழுத மாட்டேன்.)

நேற்று யூசுபுக்கு இந்தத் தாள்களை வாசித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குள் வந்து கோமதியம்மாளிடம் உன் வாயால் சொல். சொன்னால் இவற்றை அடுப்பில் போட்டுவிடுவேன், கதைக்கு அவசியமிராது என்றேன். வராவிட்டால் முதலில் அவருக்கு வாசிப்பேன், பிறகு அச்சுக்கு அனுப்புவேன் என்றும் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

இன்று வெள்ளி. மணி ஒன்பது பத்து. கோமதியம்மாள் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். முடிவை நான் எழுதப்போவதில்லை. இதை இப்போது அச்சில் வாசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அது தெரியும்.