மூன்றாவது கேமராவில் லூபென்

இறந்து நாற்பது நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில், லூபென் சதுக்கத்தின் மூன்றாவது கேமராவில் வந்து உட்கார்ந்தார். லிண்டன் மரத்தடி பெஞ்சின் இடது பக்கம், அதே பழுப்புத் தொப்பியோடு, சூரியகாந்தி விதையைக் கொறித்து உமியைக் கீழே துப்பிக்கொண்டிருந்தார். நேரில் போய்ப் பார்த்தால் பெஞ்ச் காலி. கேமராவில் பார்த்தால் ஆள் இருக்கிறார். முதல் வாரம் ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அப்புறம் ரொட்டி விலை ஏறிவிட்டது, பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது.

டான்யூப் கரையில் இருக்கும் எங்கள் கோர்னோ பிரோதில் சாக்கடை மூடிகளைத் திருடி இரும்புக்கடையில் போடுகிறார்கள் என்றுதான் நகராட்சி கேமராக்களை மாட்டியது. திருட்டு நின்றது உண்மை, மூடிகள் தீர்ந்துபோயிருந்தன. ஊரில் பாதிப் பேர் ஸ்பெயினிலும் ஜெர்மனியிலும் பிழைக்கிறார்கள் என்பதால், பிள்ளைகள் அங்கிருந்தே பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேயர் தெச்சோ படத்தை இணையத்திலும் திறந்துவிட்டார். பார்க்கத்தான் செய்தார்கள். மருந்துக்கடைப் பக்கம் நொண்டிக்கொண்டு போன கிழவருக்குக் கடைவாசலை எட்டுவதற்குள் மியூனிக்கிலிருந்து போன் வந்தது. கைகோத்து நடந்த ஜோடிகள் கையை விட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து ராக்கியா சாராயம் குடித்தவர்கள் சமையலறைக்குள் போய்த் தனியாகக் குடித்தார்கள். அழ வேண்டியவர்கள் வீட்டிலேயே அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார்கள். நாளடைவில் சதுக்கத்தின் நடுவில் யாரும் நிற்பதே இல்லை, எல்லோரும் சுவரோரமாகவே போய் வந்தோம்.

லூபெனின் மனைவி நெவேனாவுக்கு ஒரே மகன், பிளாமென். வாலென்சியாவில் லாரி ஓட்டுகிறான். கேமரா வந்த பிறகு அவன் அம்மாவுக்குப் போன் செய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டான். கேட்டால், "அதான் தினமும் பாக்குறேனேம்மா, சிவப்பு ஸ்வெட்டர்ல நல்லா இருக்கீங்க" என்பான். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிற தேவையே அவனுக்கு இல்லாமல் போயிற்று.

நெவேனாவின் துக்கம் வேறு. லூபென் போன அன்று அவள் அவரோடு பேசாமல் இருந்தாள். ஏதோ சண்டை. என்ன சண்டை என்று யாருக்கும் தெரியாது. கோபம் தணிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தாள், அதற்குள் தோட்டத்தில் விழுந்து அவர் கதை முடிந்துவிட்டது. அதனால் அவர் பெஞ்சுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும், அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து போனில் பார்த்தால் தெரிகிறார், ஆனால் பேச முடியாது. பார்ப்பதா, பக்கத்தில் இருப்பதா, இரண்டில் ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது. மற்ற எல்லோருக்கும் இருவரையும் சேர்த்தே பார்க்கக் கிடைத்தது.

முதல் நாள் அவள் பேச ஆரம்பித்தாள்தான். கேமராவில் குரல் வராது, ஆனால் எங்கள் ஊரில் யோர்தான்கா இருக்கிறாள். காது கேளாதோர் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், உதட்டசைவைப் படித்து வார்த்தையைச் சொல்லிவிடுவாள். மறுநாள் ரொட்டிக்கடை வரிசையில் நெவேனாவிடமே ஒருத்தி கேட்டாள்: "மன்னிச்சிடுன்னு ஆரம்பிச்சியே, அப்புறம் ஏன் நிறுத்திட்ட? என்னதான் நடந்துச்சு உங்களுக்குள்ள?" நெவேனா வாங்கிய ரொட்டியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தினமும் பெஞ்சுக்கு வருவாள், வாயைத் திறக்கமாட்டாள். இலையுதிர்காலம் போய்ப் பனி வந்தது, அவள் தலைத்துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஊமையாய் உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் யோர்தான்காவே பொறுக்கமாட்டாமல் வந்து சொன்னாள்: "இங்க பாரு நெவேனா, நான் இனிமே எதையும் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனா உனக்கு ஒண்ணு தெரியணும். நீ வந்து உக்காந்ததும் அந்த மனுஷன் விதை கொறிக்கிறத நிறுத்திடறாரு. உன் பக்கமா சாஞ்சு காதைக் குடுத்துட்டே இருக்காரு. நீ எழுந்து போற வரைக்கும் அப்படியேதான்."

நெவேனா நேராக மேயரிடம் போனாள். ஒரே ஒரு மணி நேரம் கேமராவை அணைத்துவைக்கச் சொன்னாள். ஐரோப்பியப் பணத்தில் மாட்டியது, நம் இஷ்டத்துக்கு அணைக்க முடியாது என்றார் தெச்சோ. லூபெனால்தான் ஊரின் பேரே வெளியே தெரிகிறது என்பதை அவர் சொல்லவில்லை. "தப்பு ஏதும் பண்ணலையேக்கா நீங்க, அப்புறம் எதுக்குப் பயப்படறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ராத்திரி பொண்டாட்டிகிட்ட பேசறத நாளைக்குச் சதுக்கத்துல மைக் வச்சுப் பேசு தெச்சோ. தப்பு ஒண்ணும் இல்லதானே? நானும் வந்து கேக்குறேன்."

மேயர் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

வருஷ நினைவு வந்தது. எங்கள் பக்கத்தில் இறந்தவரின் படம் போட்ட அஞ்சலித் தாளை நாற்பதுக்கும் ஆறு மாதத்துக்கும் வருஷத்துக்கும் வீட்டுக் கதவிலும் மரத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். ஒட்டியதை யாரும் கிழிக்கமாட்டார்கள். மழையும் வெயிலும்தான் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அன்று காலை நெவேனா காப்பிக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, போனில் லூபெனைக் காப்பி ஆறுகிறவரை பார்த்தாள். தொப்பியை, மீசையை, உமி ஒட்டியிருந்த உதட்டை. பிறகு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செர்ரி பறிக்கிற ஏணியையும் பசை வாளியையும் இழுத்துக்கொண்டு சதுக்கத்துக்கு வந்தாள். கதவிலும் மரத்திலும் ஒட்டியதுபோக மிச்சமிருந்த ஒரு தாளோடு, நட்டநடுப் பகலில், எல்லோரும் பார்க்க ஏணியில் ஏறி, மூன்றாவது கேமராவின் முகத்தில் ஒட்டினாள்.

மேயர் துப்புரவுக்கார மித்கோவைக் கூப்பிட்டு அதைக் கிழிக்கச் சொன்னார். "செத்த மனுஷன் முகத்தையா? வேலையே போனாலும் மாட்டேன். நீங்களே ஏறுங்க, ஏணியை நான் பிடிச்சுக்கறேன்" என்றான் மித்கோ. தெச்சோ ஏறத்தான் செய்தார். தன் வீட்டுக் கதவில் அம்மாவின் தாள் இன்னும் ஒட்டியிருப்பது பாதி வழியில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

நெவேனா பெஞ்சில் உட்கார்ந்து தலைத்துணியைக் கீழே இறக்கினாள். சதுக்கத்தில் இருந்த எல்லோரும், யாரும் சொல்லாமலே, முதுகைத் திருப்பிக்கொண்டோம். யோர்தான்கா கண்ணையே மூடிக்கொண்டாள். பேச்சு வெகுநேரம் போயிற்று. நடுவில் நெவேனாவின் போன் அடித்தது, பிளாமென்.

"அம்மா, ஒண்ணுமே தெரியலையே, வெள்ளையா இருக்கு. நீங்க நல்லா இருக்கீங்களா?"

அந்தக் கேள்வியை அவன் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டிருந்தது.

"அப்பாகிட்ட பேசிட்டிருக்கேன்டா. அப்புறம் கூப்பிடு."

அவன் கூப்பிட்டான். இப்போதெல்லாம் அவன் கூப்பிடாமல் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மற்றத் தாள்கள் அந்தக் கோடை மழையிலேயே கரைந்துவிட்டன. கேமராவில் ஒட்டியது மட்டும் இன்னும் வெளுக்கவில்லை, வெளுக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. லூபென் அங்கே இருக்கிறாரா என்று இனி ஒருவராலும் பார்க்க முடியாது, நெவேனாவாலும்தான். அவள் தினமும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறாள். கடினமான எதையும் கடிக்க அவளுக்குப் பல் இல்லை. சாயங்காலம் பெஞ்சின் இடது பக்கம் கிடக்கிற விதை உமியை மித்கோ மற்றக் குப்பையோடு கூட்டி அள்ளிக்கொண்டு போகிறான்.