பக்கத்து வீட்டு மெத்தை

அந்தப் பாழாய்ப்போன மெத்தையை வாங்கின நாளிலிருந்தே குழாய்க் கடைக்காரருக்கு நிம்மதி போய்விட்டது. படுத்தால் உடம்பு சுகமாக அமிழும். கண்ணை மூடினால் தங்கை வேலை பார்க்கிற அகதி முகாம் வந்து நிற்கும். தங்கை நர்ஸ். சண்டை நடக்கிற ஏதோ ஒரு தேசத்தில், கூடாரத்துக்குள் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாள். இவரோ சபையில் மூப்பர். ஞாயிறு தவறாமல் எழுந்து நின்று பட்டினி கிடக்கிற ஜனங்களுக்காகக் குரல் கம்ம ஜெபிப்பார். ஜெபித்துவிட்டு வந்து அதே மெத்தையில் மத்தியானத் தூக்கம் போடப் பார்ப்பார். தூக்கமும் வராது, எழுந்திருக்க மனசும் வராது. சீ, என்ன பிழைப்பு இது என்று தன் மேலேயே எரிச்சலாக வரும்.

தங்கை விடுமுறையில் வருவதாகப் போன் வந்தது. கடைப் பையன்களைக் கூப்பிட்டு மெத்தை, சாய்வு சோபா, சுவரை அடைத்த டிவி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு டாக்சிக்காரரின் காலி அறைக்கு மாற்றிவிட்டார்.

மனைவி இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்த்தாள். "ஏங்க, ஆண்டவர் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போகமாட்டாரா?"

"நீ வாயை மூடிட்டு இரு. அவ திரும்பிப் போற வரைக்கும்தான்."

"சரி, மெத்தையை மறைச்சாச்சு. உங்க தொப்பையை எங்க கொண்டு போய் வைக்கப் போறீங்க?"

தங்கை வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். காலிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தால் வெறும் பலகைக் கட்டில், அதன்மேல் ஒரு போர்வை.

"மெத்தை எங்கண்ணா? புதுசா வாங்கினீங்கன்னு அண்ணி போன்ல சொன்னாங்களே."

அவர் மனைவியை முறைத்தார். மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"கொடுத்துட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தவருக்கு "ம்" என்றுதான் வந்தது.

"எல்லாத்தையுமா?"

"தேவைப்பட்டவங்க இருந்தாங்கம்மா" என்று பூசி மெழுகினார்.

அவள் கண் கலங்கிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சபை சபையாப் போய்ப் பேசித் தொண்டை வத்திப் போச்சுண்ணா. எல்லாரும் அழுவாங்க. அப்புறம் வீட்டுக்குப் போயிடுவாங்க. என் அண்ணன் நீயாவது கேட்டிருக்கியே."

இந்த முகத்தைப் பார்க்கத்தானே ஆசைப்பட்டார். பார்த்தாகிவிட்டது. கையை மெல்ல உருவிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு அவள் படுக்கப் போனாள். பலகையில் முதுகு பட்டதும் முகத்தைச் சுளித்தாள். அடிபட்டவர்களைத் தூக்கித் தூக்கி, வருஷக்கணக்கில் தரையில் படுத்து, முதுகெலும்பே தேய்ந்துவிட்டதாம். "உண்மையைச் சொல்லட்டுமா? உங்க மெத்தையை நினைச்சுக்கிட்டேதான் விமானத்துல வந்தேன். பரவாயில்லை. கொடுத்துட்டியே, அது போதும்."

அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். உள்ளே அவள் புரளும்போதெல்லாம் ஒரு முனகல் கேட்டது. அவருக்குக் கோபம் கோபமாக வந்தது. முகாமில் இருப்பவளுக்கு மெத்தை ஆசை எதற்கு? போனில் உளறிய மனைவி மேல் கோபம். வசதியையும் கொடுத்து, அதை அனுபவிக்க விடாத மனசாட்சியையும் கொடுத்த ஆண்டவர் மேலும் கோபம். மெத்தை ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது. கொண்டுவந்தால் தங்கையின் மதிப்பு போய்விடும். கொண்டுவராவிட்டால் அவள் முதுகு போய்விடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அப்படியும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார்.

மனைவி டீயைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள். "இன்னும் எவ்வளவு நேரம் ஜெபம் பண்றதா உத்தேசம்?"

டீயைத் தொடாமல் எழுந்து உள்ளே போய் உண்மையைப் போட்டு உடைத்தார். "மெத்தை பக்கத்து வீட்லதான் இருக்கு. எல்லாமே அங்கதான் இருக்கு. நீ திட்டுவியேன்னு மறைச்சு வச்சேன்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு கேட்டாள். "இங்கேருந்து தூக்கினப்ப, யாருக்காவது கொடுத்துடலாம்னு ஒரு தடவையாவது தோணிச்சாண்ணா?"

அவர் யோசித்தார். தூசி படாமல் பிளாஸ்டிக் உறை போடத் தோன்றியது. எலி கடிக்காமல் உயரத்தில் வைக்கத் தோன்றியது.

"தோணலை" என்றார்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "திட்டும்மா. நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுடு."

"திட்டினா உனக்குத் தீர்ந்துடும். அழுவே, மனசு லேசாகும், இன்னிக்கு நல்லாத் தூங்குவே." பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டில் காலைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கு முதுகு வலிக்குதுண்ணா. போய் மெத்தையைக் கொண்டு வா."