மாடி எண்ணுக்கு முன்னால் ஒரு கட்டம்

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு நாத்தனார் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டில் தினமும் பார்க்கிற முகம்தான். இங்கே அவள் லிஃப்ட் கம்பெனியில் புகார்ப் போன் எடுக்கும் மூத்த ஆபரேட்டர். இவள் அந்தக் கம்பெனிக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவள்.

"வாம்மா மகராசி. கம்ப்யூட்டர்ல புதுசா என்னத்தக் கொண்டாந்து நட்டு வச்சிருக்க?"

"உங்க முதலாளி கேட்டாரு அண்ணி. போன் பண்றவங்க கோபத்துக்குப் பத்துக்கு எத்தனைன்னு மார்க் போடணுமாம்."

"லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவன் குளுகுளுன்னா இருப்பான்?"

பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். இவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. புகார்ச் சீட்டில் மாடி எண்ணே வருவதில்லை என்று மெக்கானிக்குகள் காலையிலிருந்து காய்ச்சி எடுக்கிறார்கள். நாளை முதல் பழையபடி பேப்பரில் எழுதுவதுதான் என்று ஆபரேட்டர்கள் சொல்லியாகிவிட்டது. அப்படியானால் இவள் வருஷக்கணக்காக இழைத்து இழைத்துச் செய்தது மூலையில் கிடக்க வேண்டியதுதான்.

முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"பிரமாதம்மா! பாருங்க, பெரிய கட்டடத்துல கோபம் எட்டு, ஒன்பது. சின்னக் கட்டடத்துல ரெண்டைத் தாண்டல. உயரத்துல இருக்கிறவங்களுக்குத்தான் கோபம் ஜாஸ்தி!"

இவளுக்குச் சுருக்கென்றது. அதற்குள் போன் அடித்தது.

"பயப்படாதீங்கய்யா, அப்படியே கீழ உக்காருங்க…" நாத்தனாரின் கண் சுவரில் இருந்தது. விரல்கள் தம் போக்கில் ஓடின. முகவரி, என்டர், ஆறு, என்டர். ஆறு போய், நடுவில் புதிதாக வந்த கோபக் கட்டத்தில் உட்கார்ந்தது. மாடிக் கட்டம் காலி.

"அண்ணி, ஆறாவது மாடின்னு மெக்கானிக்குக்கு வாயால சொல்லிடுங்க."

"அதான் அடிச்சேனே!"

இவள் முதலாளியிடம் திரும்பினாள். "சார், நீங்க பார்த்தது கோபமில்ல. மாடி."

அவர் முகம் தொங்கிப் போயிற்று. "அப்ப, பார்த்து அடிக்கச் சொல்லுங்க."

"கோபக் கட்டத்த நடுவுல கொண்டுபோய் வச்சது நான். கடைசிக்குத் தள்ளிடறேன். தோணினா போடட்டும்."

"ரிப்போர்ட் காலியா வருமே?"

"வரும் சார்."

என்னவோ செய்யுங்கள் என்று கையை உதறிவிட்டுப் போனார். மாதக் கடைசியில் இவள் அவரிடம் இதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். இவள் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டத்தை இடம் மாற்றினாள்.

அதே புகாரை நாத்தனார் மறுபடி அடித்தாள். முகவரி, மாடி, எல்லாம் தத்தம் இடத்தில் விழுந்தன. கடைசியில் அந்தக் கட்டம் வந்து நின்றது. இப்போதுதான் அதை நிதானமாகப் பார்த்தாள்.

"அந்த ஆளு கோபப்படலையே. அழுதாரு. அதுக்கு எத்தனை?"

"தெரியல அண்ணி."

"அப்ப சும்மா கிடக்கட்டும்." காலியாகவே அனுப்பினாள். "பேப்பர் வேண்டாம்னு இவளுங்ககிட்ட சொல்லிக்கிறேன். ஆனா அடுத்த தடவ எதையாச்சும் நுழைக்கிறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. ஒரே வீட்டுலதான குடியிருக்கோம்?"

"வீட்டுல வந்தும் இதே பேச்சா அண்ணி?"

"வேற என்னத்தப் பேசறோம் நாம?"

போன் அடித்தது.