காலியான கத்திரிக்காய்க் கிண்ணம்

1

அன்று கடையில் இருந்தவர்கள்:

ஜியாவுல்லா. கடை அவருடையது, வாசலில் தொங்கும் பெயர் அவருடையதல்ல.

பில்கிஸ். அவர் மனைவி. கடைக்காக வங்கியில் அடகு வைத்த வீடு இவர் பெயரில் இருக்கிறது.

ஜோனதன். அந்தப் பெயரைக் கடைக்குக் கொடுத்த கம்பெனியின் ஏரியா மேனேஜர். வேலூர்ப் பாகாயத்துக்காரர்.

நான். கோழி பொரிப்பவன். அதற்கு முன் ஷூ கம்பெனியில் நைட் ஷிஃப்ட், பாதியில் விட்டேன். அதற்கும் முன் கல்லூரி, அதையும் பாதியில் விட்டேன்.

வேதாசலம். வரவில்லை. இருந்தாலும் பட்டியலில் வேண்டும். காட்பாடியில் இதே பெயரில் இன்னொரு கடை நடத்துகிறார்.

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. காகிதக் கிண்ணம், உள்ளே ஒன்றுமில்லை. கம்பெனி அதை ஈமெயிலில் அனுப்பியிருந்தது. ஜியாவுல்லா பாய் போனை என் பக்கம் திருப்பி, கீழே இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். ஒப்பந்தத்தை மீறி வெளிச் சாப்பாட்டைக் கடையில் பரிமாறியிருக்கிறீர்கள், ஒப்பந்தத்தை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று போட்டிருந்தது. படித்துச் சொன்னேன். அன்றே எழுத ஆரம்பித்தேன். பரிதாபப்பட்டு அல்ல. ஒரு கிண்ணத்தால் ஒரு வீடு போகலாம் என்பது எழுதத் தகுந்ததாகப் பட்டது, அவ்வளவுதான்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆம்பூருக்கு வெளியே, தோல் வாசனை முடிந்து பிரியாணி வாசனை தொடங்கும் இடத்தில்—"

விட்டுவிட்டேன். அப்படி ஓர் இடம் கிடையாது. இரண்டும் சேர்ந்தேதான் வரும். வெளியூர்க்காரர்களுக்காக எழுதிய வாக்கியம் அது.

அடுத்தது: "கொள்ளையடிக்கும் ஒரு கம்பெனியிடம் ஏமாந்துபோன ஒரு வியாபாரி—"

இதுவும் பொய். ஜியாவுல்லா ஏமாளி இல்லை. ஒப்பந்தத்தை வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். கம்பெனியும் எழுதாத எதையும் எடுக்கவில்லை. எழுதியதை மட்டும் எடுத்தது. தொந்தரவே அதுதான்.

கடைசியில் பட்டியலோடு தொடங்கினேன். பட்டியலில் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

(கம்பெனிக்குப் பெயர் வைக்கவில்லை. சில பெயர்கள் யோசித்தேன். எல்லாம் குழந்தைகளின் பொம்மைப் பெயர் மாதிரி இருந்தன. கம்பெனி என்றே இருக்கட்டும்.)

3

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். தாண்டிப் போகிறவர்கள் போகலாம். ஆனால் பிறகு ஜோனதன் பேசும்போது புரியவில்லை என்று சொல்லக் கூடாது.

ஆம்பூரில் ஷூ தைக்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்தவர் பெயரில்தான் தைக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் அளவும் நிறமும் சொல்வார், தன் பெயரைக் கொடுப்பார். இங்கே தைப்பார்கள், அவர் வாங்கிக்கொண்டு போவார். அவருக்கு இந்த ஊரில் 'பையர்' என்று பெயர். சரக்கைச் சோதிக்கப் பையரோ அவருடைய ஆளோ வந்தால் முதல் வேலை சாப்பாடு. பிரியாணி, அதோடு எள்ளும் புளியும் அரைத்து வைத்த கத்திரிக்காய். வயிறு நிறைந்த மனிதர் சின்னக் குறையைப் பெரிதாக்க மாட்டார். இதை யாரும் லஞ்சம் என்று நினைப்பதில்லை. வேலை அப்படித்தான் நடக்கும்.

ஜியாவுல்லா பல வருடம் தோல் ஏஜெண்டாக இருந்தவர். ஆர்டர்கள் குறைந்ததும் நெடுஞ்சாலையில் இந்தப் பொரித்த கோழிக் கடையை எடுத்தார். எனக்கு வேலை கொடுத்த அன்று சொன்னார்: "பேர் அவங்களுது, வேலை நம்புளுது. நமக்கு இதுல புதுசு இன்னா இருக்குது?"

புதுசு இருந்தது. பையர் நம்மிடம் வாங்குவார். கம்பெனி நம்மிடம் எதையும் வாங்காது, நமக்கு விற்கும். கோழி, மாவு, எண்ணெய், டப்பா எல்லாவற்றையும் அவர்களிடமே வாங்க வேண்டும். வாங்கிப் பொரித்து விற்றால், விற்பனையில் அவர்களுக்கு ஒரு பங்கு. லாபத்தில் அல்ல, விற்பனையில். (முந்தைய வாக்கியத்தை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.)

இதனால்தான் புதன்கிழமை ஆஃபர் வந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று சும்மா. கூட்டம் அலைமோதும். விற்பனை ஏறும், கம்பெனியின் பங்கு ஏறும். சும்மா கொடுக்கிற கோழியின் விலை மட்டும் கடைக்காரர் தலையில். கூட்டம் ஜாஸ்தியானால் நஷ்டமும் ஜாஸ்தி. நிரம்பி வழிகிற கடையில் முதலாளி முகம் செத்துப்போய் உட்கார்ந்திருப்பதை நான் புதன்கிழமைகளில்தான் பார்த்தேன்.

வேலூரிலிருந்து ஜோலார்பேட்டை வரை இந்தப் பெயரில் கடை வைத்திருந்தவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள். வேதாசலம் தலைமை. ஒருவர் ஆஃபரை நிறுத்தினால் கம்பெனி அவரைத் தூக்கிவிடும், எல்லோரும் நிறுத்தினால் யாரைத் தூக்கும் என்பது அவருடைய கணக்கு. எல்லோரும் நிறுத்தினார்கள்.

புகைப்படம் வந்தது அதற்குப் பிறகு.

4

கத்திரிக்காய் எப்படி வந்தது என்றால், கேட்டார்கள். ஆம்பூரில் ஒருவர் முன்னால் கறியை வைத்தால் தொட்டுக்கொள்ள எங்கே என்று கேட்பார். சாஸ் பாக்கெட்டைக் காட்டினால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார். பில்கிஸ் வீட்டில் செய்து தூக்குவாளியில் கொண்டுவந்தார். ஸ்டோர் ரூமில் ஒரு சின்ன அடுப்பு வைத்துச் சூடுபண்ணி, கேட்டவர்களுக்குச் சும்மா கொடுத்தார். ஷூ கம்பெனி ஆட்கள் குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். முதல் தடவையாகக் கடை கையைக் கடிக்காமல் ஓடியது. கம்பெனியிடம் வாங்காத ஒரே பண்டம் அது என்பதைக் கவனியுங்கள்.

ஜோனதனுக்குத் தெரியும். அவர் அதைத் தொட்டுச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். வாயைத் துடைத்துக்கொண்டு, நான் எதையும் பார்க்கவில்லை, புது ஆள் யாராவது வந்தால் மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள் என்றார்.

புது ஆள் ஒரு மதியம் வந்தார். பெங்களூருக்குக் காரில் போகிறவர் மாதிரி, மனைவி, மகளோடு. முதலில் எழுதியபோது அவருக்கு மெல்லிய மீசையும் திருட்டு முழியும் கொடுத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். மகள் காரத்தில் மூக்கை உறிஞ்சியபோது தன் கைக்குட்டையால் துடைத்துவிட்ட சாதாரண மனிதர். ஆனால் உட்காரும் முன் கூரையைப் பார்த்தார். கை கழுவப் போனவர் குப்பைத்தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

தோல் சோதிக்கிறவர்களைப் பல வருடம் பார்த்தவர் ஜியாவுல்லா. கம்பெனி சோதிக்க அனுப்பிய ஆள் என்று உடனே தெரிந்துகொண்டார். அவர் அப்போது செய்ய வேண்டியது தூக்குவாளியை மறைப்பது. என்ன செய்தார் என்றால், பில்கிஸிடம் போய் மெதுவாகச் சொன்னார்: "பையர் வந்துகிறாரு. நல்லா கவனி."

பில்கிஸ் கவனித்தார். கேட்காத மேசைக்குப் போய், கிண்ணம் வழிய வைத்தார்.

(இந்த இடத்தில் உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு வந்தது. ஆனால் அவர்களை முட்டாளாக எழுத முடியவில்லை. வேறு தொழிலில் இதுவே சரியான காரியம்.)

அந்த மனிதர் முழுவதையும் சாப்பிட்டார். கிண்ணத்தின் ஓரத்தைக் கோழித் துண்டால் வழித்தார். அதன் பிறகுதான் படம் எடுத்தார். ஈமெயிலில் வந்த படத்தைப் பார்த்துப் பில்கிஸ் சொன்னது ஒன்றுதான்:

"காலி பண்ணிட்டுத்தான் போட்டோ எடுத்துகிறாரு."

5

பில்கிஸை எழுதுவதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மேலே படித்துப் பாருங்கள். இவ்வளவு தூரம் வந்தும் அவர் கையில் ஒரு கரண்டியைத் தவிர நான் எதையும் கொடுக்கவில்லை. வீடு அவருடையது என்று முதலிலேயே எழுதிவிட்டு மறந்துபோனேன். அவரது அப்பா கொடுத்த வீடு, ஆம்பூரின் பெத்லகேம் பகுதியில், மாடியில் ஒரே ஒரு அறை—

வீட்டை வர்ணிக்க வேண்டாம். உங்கள் கண்ணில் தண்ணீர் வரவழைக்க நான் இதை எழுதவில்லை.

6

ஜோனதன் வந்தது மதியக் கூட்டம் ஓய்ந்த பிறகு. கடையில் வேறு யாருமில்லை. அவர் பேசியதைச் சுருக்கித் தருகிறேன். கத்திரிக்காய் விஷயத்தில் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கம்பெனிக்கு உரிமை இருக்கிறது. கடை போனால் கடன் நிற்கும், வங்கி வீட்டுக்கு வரும். அது தனக்கும் பிடிக்கவில்லை. அதனால் மேலே பேசி ஒரு வழி வாங்கியிருக்கிறார். புதன்கிழமை ஆஃபரை மறுபடி நடத்துவதாக ஜியாவுல்லா ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும்.

"போட்டா கத்திரிக்காய யாரும் பாக்கலை, பாய்."

"மத்தவங்க?"

"வேதாசலம் சார் காலையிலயே போட்டுட்டாரு."

ஜியாவுல்லா போனை எடுத்தார், மறுபடி மேசையில் வைத்தார்.

ஜோனதன் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. எழுதுகிறவன் நான்தானே, வேதாசலம் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். சொல்ல மாட்டேன். ஜியாவுல்லாவுக்குத் தெரியாதது உங்களுக்கும் தெரிய வேண்டாம். போன் செய்து கேட்கலாமே என்பீர்கள். கேட்டால், கேட்கிறவனும் போட யோசிக்கிறான் என்று வேதாசலத்துக்குத் தெரிந்துவிடும். அவர் இல்லை என்று சொன்னாலும் நம்ப முடியாது. போன் மேசையின் நடுவில் கிடந்தது.

"ஏம்பா ஜோனதன், இதுல ஒனக்கு இன்னா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது பாய். ஆம்பூர் போடலைன்னா என்னை ஒடிசா பக்கம் தூக்கிப் போட்டுடுவாங்க. பசங்க இங்க படிக்குதுங்க."

அவர் பொய் சொல்கிறவராக இருந்தாலும் இதைப் பொய்யாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

ஜியாவுல்லா எழுந்தார். அஸர் தொழுதுவிட்டு வந்து பதில் சொல்வதாகச் சொல்லிப் பள்ளிவாசலுக்குப் போனார்.

7

அவர் போயிருந்த நேரத்துக்கு நான் எழுதி வைத்திருந்த காட்சி:

பில்கிஸ் ஜோனதன் முன்னால் கோழியும் கத்திரிக்காயும் வைக்கிறார். ஜோனதன் வேண்டாம் என்கிறார். பாகாயத்தில் கல்யாணச் சாப்பாட்டில் இது இல்லாமல் கையை நனைப்பார்களா என்று பில்கிஸ் கேட்கிறார். ஜோனதன் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறார். கிண்ணம் காலியானதும் பில்கிஸ் தன் போனை எடுத்து, ஜோனதனையும் கிண்ணத்தையும் சேர்த்துப் படம் பிடிக்கிறார். "இத நான் யாருக்கு அனுப்பட்டும் தம்பி?" ஜோனதன் தாளை மடித்துப் பையில் வைக்கிறார்—

நன்றாக இருக்கிறது, இல்லையா? நானே இரண்டு முறை படித்து ரசித்தேன். ஆனால் இப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தாலும் ஜோனதன் ஒடிசாவுக்குப் போவார், வேறொருவர் அதே தாளோடு வருவார். உங்களைக் கைதட்ட வைக்கும், வீட்டை மீட்காது. நீக்கிவிடத்தான் நினைத்தேன். நீக்கினால் நீங்களே இதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். கிடக்கட்டும்.

உண்மையில் அந்த நேரத்தில் நடந்தது: ஜோனதன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணெயை வடிகட்டினேன். பில்கிஸ் ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தார். தாள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தார்.

8

முடிவுகள்.

அ) ஜியாவுல்லா கையெழுத்துப் போடுகிறார். வேதாசலம் போடவில்லை என்று பிறகு தெரிகிறது. எல்லோரும் ஒவ்வொருவராகப் போடுகிறார்கள். புதன்கிழமைகளில் கூட்டம் அலைமோதுகிறது. வீடு மெதுவாகப் போகிறது.

ஆ) ஜியாவுல்லா மறுக்கிறார். வேதாசலம் போட்டிருந்தார் என்று தெரிகிறது. வீடு சீக்கிரம் போகிறது.

இ) இருவருமே போடவில்லை. இதை எழுதிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேல் என் கை நம்பவில்லை.

இந்த மூன்றிலும் ஒரு தப்பு இருக்கிறது. மூன்றிலும் ஜியாவுல்லாதான் முடிவு செய்கிறார். நடந்தது அப்படி இல்லை.

தொழுதுவிட்டு வந்தவர் உட்காரவில்லை. தாளை எடுத்தார், படிக்கவில்லை. அதைப் பில்கிஸிடம் நீட்டினார்.

"வூடு ஒன் பேர்ல கீது. போடறதா வேணாமான்னு நீயே சொல்லு."

பில்கிஸ் துணியை மேசையில் வைத்தார்.

"கடை எடுக்கறப்போ இத கேட்டீங்களா?"

ஜோனதன் தரையைப் பார்த்தார். ஒப்பந்தம் கம்பெனிக்கும் பாய்க்கும்தான், அக்கா போட்டால் செல்லாது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்காக அவரைப் பற்றி நான் எழுதியதில் ஒரு வார்த்தையை மென்மையாக்கியிருக்கிறேன். எது என்று தேட வேண்டாம்.

பில்கிஸ் தாளை வாங்கிக்கொண்டார். மேசை மேல் இருந்த ஜியாவுல்லாவின் போனையும் எடுத்துக்கொண்டார். யாரிடமும் எதுவும் கேட்காமல் ஸ்டோர் ரூம் பக்கம் நடந்தார்.

"அக்கா, பேனா," என்றார் ஜோனதன்.

அவர் திரும்பவில்லை.

அந்த அறைக்குள் என்னென்ன இருக்கிறது என்று தினமும் போய்வருகிற எனக்குத் தெரியும். பிரீஸர் இருக்கிறது. மாவு மூட்டைகள் இருக்கின்றன. கழிவறை கழுவியதற்குக் கையெழுத்துப் போடும் அட்டை இருக்கிறது, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனா இருக்கிறது. பக்கத்தில் கத்திரிக்காய் சூடுபண்ணும் அடுப்பும் தீப்பெட்டியும் இருக்கின்றன. போனில் வேதாசலத்தின் நம்பர் இருக்கிறது. இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நாங்கள் மூவரும் நின்ற இடத்திலேயே நின்றோம். பில்கிஸ் உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.