தூண் வளைவில் ஒரு பெட்டி

எங்கள் குட்டி ரயில் சங்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதற்குள் போன பெட்டி வெளியே வந்ததாகச் சரித்திரமே இல்லை. யாராவது வீட்டில் தன் கையால் ஒரு ரயில் பெட்டி செய்து கொண்டுவந்தால், எல்லாரும் சுற்றி நின்று ஆகா ஓகோ என்பார்கள். பிறகு அதைத் தண்டவாளத்தில் ஏற்றுவார்கள். அது ஹாலின் தூணைச் சுற்றும் வளைவில் கவிழும். ‘பார்வைக்கு அழகு, அது போதும்’ என்று சொல்லி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஓடுவதெல்லாம் கடையில் வாங்கியவை. அட்டையில் ஒன்று, மரத்தில் இரண்டு, கோணல் ஜன்னல்களோடு பச்சைத் தகரத்தில் ஒன்று என அந்த அலமாரி ஒரு சின்ன ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. பிஸ்கட் டப்பாவுக்குச் சக்கரம் மாட்டிய புண்ணியவான் யாரோ என்று அந்தத் தகரப் பெட்டியைக் காட்டி நான் கேலி செய்வேன். எல்லாரும் சிரிப்பார்கள். சங்கத் தலைவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

சங்கத் தலைவர் என்றால் வேறு யாருமில்லை, என் கூடப் பிறந்த அண்ணன்தான். வேலை பார்ப்பது இன்ஷூரன்ஸ் ஆபீசில். சங்கத்தில் அவனுக்குப் பெயர் ஸ்டேஷன் மாஸ்டர். கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு தொங்கும். அதில் ஒரு விசிலும் அலமாரிச் சாவியும். எந்த விஷயத்திலும் முதலில் ஆபத்தைத்தான் பார்ப்பான். அது அவனுடைய தொழில் தோஷம்.

சங்கம் இருப்பது ஒரு டைல்ஸ் கடையின் மாடியில். ஹாலின் நடுவில் ஒரு கான்கிரீட் தூண். மேசைகளின் மேல் ஹாலைச் சுற்றி வரும் தண்டவாளம் அந்தத் தூணுக்கு வந்ததும் வேறு போக்கிடம் இல்லாமல் சட்டென்று ஒடுங்கி வளையும். நிஜ ரயில் எதுவும் அப்படி ஒரு வளைவைக் கனவில்கூடக் கண்டிருக்காது. வண்டி தூணுக்குப் பின்னால் மறையும்போது பெரிய மனிதர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

நான் பல் கட்டும் லேபில் டெக்னீஷியன். பல் டாக்டர்கள் வாயின் அளவை அச்செடுத்து அனுப்புவார்கள், நான் பல் செட் செய்து அனுப்புவேன். மூக்குக்கு மேல் கோபம் வரும் பெண் என்று வீட்டில் பெயர். ‘கையால செஞ்சது இங்க ஓடாது’ என்று அண்ணன் ஒரு நாள் எல்லார் எதிரிலும் சொன்னான். அன்று வந்த கோபத்தில் தொடங்கியதுதான் என் பெட்டி.

இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டி. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருந்தால் எங்கள் கணக்கில் ஒரு அடி. ஆக, என் பெட்டி ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அளவெடுக்க நானும் என் கணவரும் ஸ்டேஷனுக்கே போனோம். அவர் பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க மறு முனையை நான் பிடிக்க, உள்ளேயிருந்த பயணிகள் எங்களை ரயில்வே ஆட்கள் என்றே நினைத்துவிட்டார்கள். கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார். உடனே கவனிக்கிறோம் என்று என் கணவர் பொறுப்பாகப் பதில் சொன்னார்.

சுவர்களை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் வெட்டினேன். ஜன்னல் ஒவ்வொன்றையும் கத்தி முனையால் திறந்தேன். ஆணித் தலைகளுக்காகத் தகட்டின் பின்புறம் ஊசியால் அழுத்தி, முன்புறம் புள்ளி புள்ளியாகப் புடைக்க வைத்தேன். கைப்பிடிகள் பல்லுக்குப் போடும் கம்பி. படுக்கைகள் பல் செட்டின் ஈறுக்கு ஊற்றும் ரோஸ் நிறப் பொருளில் வார்த்தவை. மேலே நீலம் பூசியிருப்பதால் யாருக்கும் தெரியாது, சுரண்டிப் பார்த்தால் ஈறு தெரியும். மேல் படுக்கையில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார். அது யார் என்று கேட்க வேண்டாம், அதற்கு மாடல் வீட்டிலேயே இருந்தது. வாசல்களின் கீழே ஏறும் படிகள். அடிப்பக்கம் அந்த அம்மாவின் நினைவாகக் கழிப்பறைக் குழாய்கள், சரியான வளைவோடு. யாரும் குனிந்து பார்க்காத அந்தக் குழாய்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெருமை. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

வீட்டில் என்னிடம் இருந்தது ஒரு நேர்ப் பலகைத் தண்டவாளம். அதில் பெட்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதை நம்பிச் சங்கத்துக்கு எடுத்துப்போனேன். இன்ஜினுக்கும் அண்ணனின் உணவகப் பெட்டிக்கும் நடுவில் மாட்டினார்கள். தூண் வளைவில் என் பெட்டியின் சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறியது. பெட்டி சாய்ந்தது. சாய்ந்த பெட்டி அண்ணனின் பெட்டியையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தது. என்னுடையதில் வாசல் படியின் பெயின்ட் பெயர்ந்ததோடு சரி. அவனுடையதில் கூரை இரண்டாகப் பிளந்துவிட்டது.

அண்ணன் கத்தவில்லை. குனிந்து இரண்டையும் எடுத்தான். முதலில் என்னுடையதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“படிதான் சக்கரத்துல இடிக்குது. எல்லாப் படியையும் வெட்டிடு. இந்தச் சைஸ்ல யாரு ஏறி இறங்கப் போறாங்க?”

“ஏற முடியலைன்னா அது ரயில் பெட்டி இல்லண்ணா, பொட்டலம்.”

“அப்ப ஒரே ஒரு வாய்ப்பு. கண்காட்சி அன்னிக்குக் காலைல, ஜனங்க வர்றதுக்கு முன்னாடி. மூணு சுத்து. விழுந்தா அலமாரி.”

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த எனக்கு மனமில்லை. ஆனால் பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. அந்த அலமாரியை அதுவரை வேடிக்கையாகத்தான் பார்த்திருந்தேன். அன்று அதில் காலியாக இருந்த ஒரு இடம் கண்ணில் பட்டது. என் பெட்டிக்குச் சரியாக இருக்கும் போலிருந்தது. நான் அதைச் செய்தது ஓடுவதற்கு. பூட்டி வைத்துப் பார்ப்பதற்கு வீட்டில் வேறு சாமான்கள் இருக்கின்றன.

என் கணவர் சங்கத்துக்குப் போய்த் தூண் வளைவை அப்படியே தாளில் கோடு எடுத்துக்கொண்டு வந்தார். அதே வளைவில் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் தண்டவாளம் பதித்தார். அன்றிலிருந்து சாப்பாடு தரையில்தான். தினமும் லேபிலிருந்து வந்ததும் படியின் பின்புறத்தைக் கொஞ்சம் அரைப்பேன், பெட்டியைத் தள்ளிப் பார்ப்பேன், கவிழும். இன்னும் கொஞ்சம் அரைப்பேன், மறுபடி கவிழும். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. படி மெலிந்து மெலிந்து காகிதமானதுதான் மிச்சம்.

அந்த வாரம் ஒரு பல் செட் லேபுக்குத் திரும்பி வந்தது. போட்டுக்கொண்டவருக்கு முன்பல்லில் வலியாம், முன்பல்லை அரைக்கச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தொழிலில் யார் சொல்வதையும் கேட்டு அரைக்கக் கூடாது. செட்டை வாயின் அச்சில் பொருத்தி, மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் மை தடவிய நீலத் தாளை வைத்துக் கடிக்க வைக்க வேண்டும். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலப் பொட்டு விழும். வைத்தேன். முன்பல் சுத்தமாக இருந்தது. பொட்டு விழுந்தது கடைவாய்ப் பல்லில். வலி ஓரிடம், இடி வேறிடம். தினமும் செய்கிற வேலைதான். அன்று மட்டும் கையில் பல் செட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் ஒரு வாரமாக நான் பண்ணிக்கொண்டிருந்தது என்ன?

வீட்டுக்குப் போனதும் நீலத் தாளைப் பட்டை பட்டையாக நறுக்கிப் பெட்டியின் அடியில், சக்கரங்களுக்கு மேலே, மூலை முடுக்கெல்லாம் செருகினேன். வளைவில் மெல்லத் தள்ளினேன். தாளை உருவிவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து விளக்கடியில் பிடித்தேன். படியில் ஒரு பொட்டுகூட இல்லை. நீலம் இருந்தது கழிப்பறைக் குழாயின் முழங்கையில். சக்கரங்களைத் தாங்கும் சட்டம் வளைவில் திரும்பும்போதெல்லாம் நான் ஊருக்கெல்லாம் கவிழ்த்துக் காட்டிய அந்தக் குழாயில் போய் முட்டியிருக்கிறது.

என் கணவர் எட்டிப் பார்த்தார். “அந்தம்மா அன்னிக்கே சொன்னாங்க, குழாயில கோளாறுன்னு,” என்றார்.

குழாயின் உட்பக்கத்தில் பொட்டு விழுந்த இடத்தில் மட்டும் அரைத்தேன். மறுபடி தாள், மறுபடி பொட்டு, மறுபடி அரத்தால் ஒரு தொடல். உயரமான பல்லை எப்படி இறக்குவேனோ அதே மாதிரி. கடைசியில் தாளில் ஒன்றும் விழவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் பழைய குழாய்தான். காகிதமாய்ப் போன படிகளைக் கழற்றிவிட்டு முழுக் கனத்தில் புதிதாகச் செய்து ஒட்டிப் பெயின்ட் அடித்தேன். பெட்டி மேசையை வளைந்து கடந்து போய் நின்றது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பெயின்ட் கறை சட்டையில் ஆகும் என்றார் அவர். ஆகட்டும்.

கண்காட்சி அன்று காலை கதவு திறப்பதற்கு முன் சங்கமே தூணைச் சுற்றி நின்றது. படிகள் அப்படியே இருப்பதைப் பார்த்து அண்ணனின் முகம் சுருங்கியது. வெட்டவில்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். விளக்கம் கேட்டான். ஓடி முடித்ததும் சொல்கிறேன் என்றேன். தன் பெட்டிகளையெல்லாம் கழற்றி ஓரமாக வைத்துக்கொண்டுதான் மற்றவர்கள் பெட்டிகளை மாட்டினான். நியாயம்தான், பட்டவன் அவன்.

விசில் ஊதினான். வண்டி கிளம்பியது. தூணை நெருங்கியது. இன்ஜின் மறைந்தது, என் பெட்டி மறைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், ஒரு டெக்னீஷியன் செய்யக் கூடாத காரியம் அது. அந்தப் பக்கம் இன்ஜின் எட்டிப் பார்த்தது. அதன் பின்னாலேயே என் பெட்டி, ஜன்னல் வரிசையும் நீலப் படுக்கைகளும் வாய் பிளந்து தூங்குபவருமாக ஒரு குலுக்கல் இல்லாமல் வந்தது. இரண்டாவது சுற்றிலும் வந்தது. மூன்றாவது சுற்றில் அண்ணன் கண்ட்ரோலைத் திருகி வேகத்தைக் கூட்டினான். அப்போதும் வந்தது. ஹாலே கை தட்டியது. நானும் வெட்கமில்லாமல் எனக்கே கை தட்டிக்கொண்டேன். என் கணவர் பக்கத்திலிருந்த டைல்ஸ் கடைக்காரரிடம், இன்ஜினுக்கு அடுத்தது எங்கள் வீட்டுப் பெட்டி, மேல் படுக்கையில் இருப்பது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று முழுக்க அது ஓடியது. ஒரு தடவைகூடத் தடம் புரளவில்லை. சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு அண்ணன் என்னிடம் வந்தான். நான் சொல்வதற்கென்று காலையிலிருந்து நல்ல வசனங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். கையால செஞ்சது ஓடாதுன்னு சொன்னது யாருப்பா என்பது அதில் முதல் வசனம். அவன் எப்படிச் செய்தாய் என்று கேட்டான். நீலத் தாளைப் பற்றிச் சொன்னேன். படியில் இல்லை, குழாயில் இருந்தது என்று சொன்னதும் அலமாரிப் பக்கம் திரும்பினான். பிறகு கழுத்துக் கயிற்றைக் கழற்றி, சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்து, பச்சைத் தகரப் பெட்டியைக் கையில் எடுத்தான்.

“இது நான் செஞ்சது. நீ சங்கத்துல சேர்றதுக்கு ரொம்ப முன்னாடி,” என்றான். “இதுக்கு எங்க இடிக்குதுன்னு பாக்க முடியுமா?”

சேர்த்து வைத்த வசனங்களை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டேன். பிஸ்கட் டப்பா என்று நான் சொன்னபோதெல்லாம் அவன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். இப்போது கிட்டத்தில் பார்த்தேன். ஜன்னல்கள் கோணல்தான். ஆனால் வாசல் ஒவ்வொன்றின் கீழும் படிகள் இருந்த அடையாளம் தெரிந்தது. எல்லாவற்றையும் வெட்டியிருந்தான்.

பையிலிருந்து நீலத் தாளை எடுத்தேன். தகரப் பெட்டியைத் தூண் வளைவில் வைத்து நானே மெல்லத் தள்ளினேன். கவிழ்த்துப் பார்த்ததில் நடுச் சட்டத்தின் ஓரத்தில் கடுகளவு நீலப் பொட்டு ஒன்று இருந்தது. அவ்வளவுதான் அதன் நோய். என் கை அரத்துக்குப் போனது. அண்ணன் முந்திக்கொண்டான்.

“குடு. நானே அரைக்கிறேன்.”

“பொட்டுல மட்டும் அரைண்ணா,” என்றேன். “படி நான் செஞ்சு தர்றேன்.”

அலமாரிக் கதவு திறந்தே கிடந்தது. அட்டைப் பெட்டியையும் மரப் பெட்டிகளையும் என் கணவர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.